நான்காவது முகம்

அன்று காட்டுக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். மாருலாஹியின் மூத்த மகள் மேவா. அப்பன் இறந்தபின் குரங்கு போலிருக்கும், கூட்டமாகப் பாடும் லெமூர்களான பாபாகுத்துகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பு எங்கள் குடும்பத்தில் அவளுக்கு வந்தது. அவளுடைய தாய்மாமன் பெசாரா. கொடிகளை வெட்டி வழி எடுக்கக் கத்தியோடு போனவன். தலைநகரிலிருந்து வந்த எழுத்தர் ராவெலு. கணக்குத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே இல்லாதவர்கள்தான் இன்று கிராம்புச் சந்தையில் அதிகம் பேசுகிறார்கள்.

முதலில் தப்பாகப் பட்டது ஒரு குரல்.

காலை ஏழரை மணி இருக்கும். மூடுபனி ஓடையிலிருந்து எழுந்து பெரணிகளின் இடுப்பளவு நின்றிருந்தது. வழக்கம்போல ஆண் பாபாகுத்து முதலில் உறுமித் தொடங்க, பெண் அதன்மேல் நீண்ட ஓலத்தை ஏற்ற, போன வருடத்துக் குட்டி அந்த ஓலத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே போக, பாட்டு இரண்டு மலைகளுக்கும் நடுவே ஈரக் கயிறு போல இழுபட்டுக் கிடந்தது. வீட்டு ஆட்களின் காலடி தெரிவதுபோல் மேவாவுக்கு அந்த மூன்று குரல்களும் தெரியும். அவற்றுக்குக் கீழே நான்காவதாக ஒன்று கேட்டது. ராகம் சரி. ஏற்றமும் இறக்கமும் சரி. ஆனால் வாயைத் திறக்காமல் பாடுகிறவரின் முனகல் போல, மூக்கு வழியாக வந்தது.

அவள் மகிழ்ந்திருக்க வேண்டும். அந்தச் சரிவில் நான்கு பாபாகுத்துகள் இருந்தால்தான் காடு அரசின் காவல் பட்டியலில் நிற்கும். மூன்று என்றால் பட்டியலிலிருந்து பெயர் எடுபடும். காரீயச் சுரங்கத்துக்கான சாலை ஓடையைத் தாண்டி மேலே வரும். ஓடைக்கு மேலேதான் எங்கள் பெட்டிக் கொட்டகை இருக்கிறது. ஓலைக் கூரைக்குக் கீழே, மரத்தைக் குடைந்து செய்த பன்னிரண்டு சவப்பெட்டிகள். பன்னிரண்டாவது, நான்கு மாதத்துக்கு முன் வைத்த மாருலாஹியின் பெட்டி. கூட்டத்தில் நான்காவதாக இருந்த கிழப் பெண் பாபாகுத்தும் அந்த மாதத்திலிருந்துதான் கண்ணில் படவில்லை.

பெசாரா கூர்ந்து கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"கேட்டாச்சுல்ல, நாலு. எழுதிப் போடு. அது என்ன கோர்ட்டுக்கு வந்து நான் இல்லைன்னா சொல்லப் போவுது?"

"பாட்டு கணக்குல வராது மாமா. மூஞ்சியப் பாக்கணும். அப்பா கணக்கு அப்படித்தான்."

"உங்கப்பனுக்கு விரலே ஒம்பதரை. அவரு கணக்கு எங்கேர்ந்து சரியா வந்திச்சு?"

மாருலாஹிக்கு வலது ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. முன்னோர் கிடக்கும் இடத்தை நீட்டிய விரலால் காட்டியதால் போனது என்று அக்கரைக்காரர்கள் கேலி பேசுவார்கள். கிராம்பு மரம் கழிக்கும்போது கத்தி பட்டது, அவ்வளவுதான். அந்தப் பாதி விரலை மடக்கித்தான் அவர் முப்பது வருடம் மரம் மரமாகக் காட்டி எண்ணினார். ஒருமுறை இரண்டே முகங்களைப் பார்த்துவிட்டு வந்து, ஊரே திட்டியும் இரண்டு என்றே எழுதிக் கொடுத்தார்.

முனகல் நின்றுவிட்டுத் தொடர்ந்தது. இப்போது ஓடைக்கு மேலேயிருந்து.

ராவெலு கையை நீட்டி அந்தப் பக்கம் காட்டினார். பெசாரா கத்தியின் பிடியால் அவர் மணிக்கட்டைத் தட்டி இறக்கினான். "மடக்குங்க சார். அந்தப் பக்கம் விரலை நீட்டக் கூடாது." எழுத்தர் மன்னிப்புக் கேட்டு விரலைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து மற்ற நாளாக இருந்தால் மேவாவும் சிரித்திருப்பாள்.

அவர்கள் ஏறினார்கள். தாழம்புதர்களிலிருந்து நீர் சொட்டியது, அட்டைகள் இலைநுனிகளில் நிமிர்ந்து காற்றைத் தடவின, அழுகிய இலை வாசனைக்கு நடுவே மேவாவுக்கு வேறொரு வாசனை வந்தது: பிணத்துக்குச் சுற்றும் ஓலைநார்த் துணி நனைந்த வாசனையும், ஊற்றிக் காய்ந்த கரும்புச் சாராயமும், வாயில் அதக்கிய கிராம்பும். நான்கு மாதத்துக்கு முன் பெட்டியைச் சுமந்து ஏறிய அன்று இதே பாதையில் இதே வாசனைதான் அவளுக்கு முன்னால் போனது.

எங்கள் வழக்கம் இது. கொட்டகையில் பெட்டியை மூடாமல் வைத்து, பாபாகுத்து பாடும்வரை காத்திருப்போம். அவை எங்களுக்கு முன்னோர் வழிச் சொந்தம். பாட்டு எழுந்ததும் மூத்த பிள்ளை பிணத்தின் வாய்க்கட்டை அவிழ்க்க வேண்டும், இறந்தவர் பதில் சொல்வதற்காக. பிறகுதான் மூடி. அன்று விடிந்ததிலிருந்து பேய்மழை. நடுப்பகல் வரை ஒரு குரலும் எழவில்லை. சுமந்தவர்கள் நடுங்கினார்கள். எல்லோரும் மேவாவைப் பார்த்தார்கள். மூடுங்கள் என்று சொன்னது அவள்தான். கட்டு அவிழாமலே மூடி இறங்கியது. அவர்கள் ஓடையைத் தாண்டும்போது பின்னால் பாட்டு எழுந்தது. யாரும் திரும்பிப் போகவில்லை.

வாயை மூடிக்கொண்டு பாடும் குரல். அது எதனால் என்று மேவாவுக்கு இப்போது தெரிந்தது. தெரிந்தும் கால் நிற்கவில்லை.

கொட்டகை பனிக்குள்ளிருந்து வந்தது. பன்னிரண்டு மூடிகளும் மூடியிருந்தன. அப்பாவின் பெட்டியில் அவள் கையால் அடித்த மர ஆணிகள் அடித்தபடியே இருந்தன. அவள் மூச்சு விட்டாள்.

பிறகு மேலே பார்த்தாள். மூன்று பாபாகுத்துகளும் அங்கே இருந்தன. ஆண், பெண், குட்டி. முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. தாளில் மூன்று கோடு போட்டாள். ஆளைக் கண்டால் அவை குரைக்கும், தாவி ஓடும். இன்று ஓடவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. மூன்றும் கழுத்தை வளைத்துக் கொட்டகைக்குப் பின்னால் நின்ற ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த மரத்தில் நான்காவது இருந்தது.

தரையிலிருந்து ஆள் உயரத்துக்குமேல் இல்லை. முதுகைக் காட்டி, அடிமரத்தைக் கட்டிக்கொண்டு, மற்றவை உட்காருவது போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வால் இல்லை, பாபாகுத்துகளுக்கு வால் இருக்காது. கறுப்பும் வெள்ளையும்.

வெள்ளை, மயிர் அல்ல. அதில் நெசவு தெரிந்தது.

மரத்தைச் சுற்றி வந்த வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

ராவெலு குனிந்து தன் காலணிகளைப் பார்த்தார். நிமிரவில்லை. பெசாராவின் கத்தி மண்ணில் விழுந்தது.

"மூணுன்னு எழுதிட்டுப் போயிடலாம் மேவா. காடு போனாப் போவட்டும்."

"மூஞ்சியப் பாக்கல இன்னும்."

"பாக்காத. சொல்றதக் கேளு."

"எங்க காட்டுல, எங்கப்பாவப் பாத்து நான் ஓடணுமா? நீ வேணா ஓடு மாமா. நான் பாத்துட்டுத்தான் வருவேன்."

அவள் நடந்தாள். பத்தடி. ஐந்தடி. கிராம்பு வாசனை. முனகல் அந்த முதுகுக்குள் இரைந்தது. உள்ளே எதுவோ வெளியே வரத் தவிப்பது துணியின் அசைவில் தெரிந்தது.

"அப்பா. கணக்கு எடுக்கணும். மூஞ்சியக் காட்டுங்க."

முனகல் நின்றது.

உடல் திரும்பவில்லை. தலை மட்டும் திரும்பியது. முழுதாக.

அவள் பார்த்தாள். கண்ணை மூடவில்லை. தாளில் நான்காவது கோட்டைப் போட்டாள். பென்சில் உடைந்தது. உடைந்த முனையாலேயே கோட்டை முடித்தாள்.

தாடையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. உச்சந்தலையில் முடிச்சு. அவள் போட்ட முடிச்சு.

தலை மெல்லத் தாழ்ந்தது. அவளிடம். காத்திருந்தது.

அவள் தாளை மடித்து மடியில் செருகினாள். கையை உயர்த்தினாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகம் ஏறவில்லை. பின்னால் மாமன் வேண்டாம், வேண்டாம் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் அதன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குளிர். முடிச்சில் பல்லை வைத்தாள். மண்ணின் சுவை. இழுத்தாள்.

அவிழ்ந்தது.

வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது.

பாட்டு வந்தது. நான்கு மாதம் அடைத்துக் கிடந்தது அத்தனையும். மேலே மூன்று பாபாகுத்துகளும் வாயடைத்து இருந்தன. பாட்டு முடியும் இடத்தில், எதிர் மலைக் கூட்டம் பதில் பாட வேண்டிய இடத்தில், பதில் வந்தது. எதிர் மலையிலிருந்து அல்ல. அவளுடைய முதுகுக்குப் பின்னால். கொட்டகையிலிருந்து. மூடியபடியே இருந்த பழைய பெட்டிகளுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக, கட்டு அவிழ்த்து அனுப்பப்பட்ட வாய்கள், அகலத் திறந்து.

பதினொன்று.

காட்டைக் காப்பாற்ற மேவா மூன்றை நான்காக்கிவிட்டாள் என்று சந்தையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவள் நான்கு முகங்களைப் பார்த்தாள்; நான்கு என்று எழுதினாள். மற்ற பதினொன்றை அவள் எழுதவில்லை. அவற்றின் முகங்களை அவள் இன்னும் பார்க்கவில்லை.