காட்டுல போய்த் துப்புங்க

சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சுத்தக்காரி. பொருத்தமான பெயர்தான். அடுத்த வீட்டில் யாராவது தும்மினால் இவள் போய்க் குளித்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவளின் தலையெழுத்தைப் பாருங்கள்! புருஷனுக்கு மாவு மில்லில் வேலை. காலமெல்லாம் தூசியைச் சுவாசித்துவிட்டு, கடைசியில் நெஞ்சு நிறையச் சளியோடு வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் மழுப்பவில்லை. "டவுன் புகை இவருக்கு ஆகாது. குளிர்காலம் முழுக்க மரங்களுக்கு நடுவுல நடக்க விடுங்க. இல்லன்னா கோடை வரைக்கும் தாங்க மாட்டார்."

மலைமேல் காட்டோரத்தில் நாத்தனாரின் வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அங்கே போய் இறங்கினார்கள். பெட்டியைப் பிரித்ததும் அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு தகர டப்பாவை வைத்தார்.

"அது எதுக்குங்க?"

"துப்பறதுக்கு."

"ஐயய்யே! அதை முதல்ல வெளிய எடுங்க. இந்த வீட்டுக்குள்ள ஒரு பொட்டு விழக்கூடாது. எவ்வளவு வந்தாலும் காட்டுல போய்த் துப்புங்க."

அவர் சிரிக்கப் பார்த்து இருமினார். "கட்டின பொண்டாட்டிக்கே வேண்டாத சளி, காட்டுக்கு மட்டும் வேணுமாக்கும்?"

காலை நடை அவளுக்குப் பிடித்துப்போனது. சொல்லப்போனால் அவரைவிட அவளுக்குத்தான் அதிகம் பிடித்தது. தரையெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும், மிதித்தால் மொறுமொறுவென்று நொறுங்கும். மொட்டை மரங்களுக்கு இடையில் இளவெயில் சாய்ந்து இறங்கும். கல்யாணமான புதிதில்கூட அவர் இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததில்லை. விழுந்து கிடந்த ஒரு மரத்தருகே மட்டும் கையை விடுவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார், துப்புவார். அவள் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்பாள்.

ஒருநாள் தெரியாத்தனமாக அந்த இடத்தைப் பார்த்துவிட்டாள். முந்தைய நாள் துப்பியது அங்கே இல்லை. அந்த இடத்தில் மட்டும் பனியும் இல்லை. கறுப்பு மண் தெரியும்வரை யாரோ நீளமாக, அழுத்தி வழித்திருந்தார்கள்.

"நாய் ஏதாவது நக்கியிருக்கும்" என்றார் அவர்.

சுற்றிலும் நாயின் கால்தடம் ஒன்றுகூட இல்லை. அவள் சால்வையை இன்னும் இறுக்கி மூக்கில் அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் அவர் துப்பிவிட்டு நகர்ந்ததுமே முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ப்.

சர்ப்.

கூடவே ஒரு வாடை. அழுகிய இலையும் சொத்தைப் பல்லும் கலந்த வாடை.

"திரும்பாதீங்க" என்று கிசுகிசுத்தாள். அவருக்கு அது கேட்கவில்லை. விசிலடித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக மூச்சுக்கே திண்டாடியவர், விசிலடிக்கிறார்!

நாளாக ஆகச் சளி குறைந்தது. ஒரு காலையில் இருமிப் பார்த்தார், எதுவும் வரவில்லை. துப்புவதற்கு ஒன்றுமில்லாத அன்றுதான் அது வீட்டைத் தேடி வந்தது. முதலில் வாசற்படி ஈரமாக இருந்தது. பிறகு அவர் படுக்கும் அறையின் ஜன்னல் கண்ணாடியில் நாக்கு வழித்த தடம். அவள் வெளியே நின்று வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள், போகவில்லை. தடம் உள்பக்கத்தில் இருந்தது.

"என்னங்க, டவுனுக்கே போயிடலாம்."

"உனக்கென்ன பைத்தியமா? இங்க வந்துதான்டி உயிரே வந்திருக்கு."

அடுத்த முறை காட்டப் போனபோது டாக்டரும் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அசந்துபோனார். "நுரையீரலை யாரோ கழுவிவிட்ட மாதிரி இருக்கும்மா."

கழுவிவிட்ட மாதிரி. அந்த வார்த்தை வீடு வரைக்கும் அவள் கூடவே வந்தது.

மறுநாள் காலை தேநீரோடு அறைக் கதவைத் திறந்தாள். நல்ல வெளிச்சம். அவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சின்மேல் அது குந்தியிருந்தது. ஊறிப்போன இலை நிறம். முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒரு நாக்குதான். அந்த நாக்கு அவர் வாய்க்குள் போயிருந்தது. தொண்டை உப்பி உப்பித் தணிந்தது. பாட்டிலுக்குள் பிரஷ் விட்டுக் கழுவுவது போல உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

கத்த வாயெடுத்தாள்.

அப்போதுதான் அவர் மூச்சு காதில் விழுந்தது. இழுப்பு இல்லை, கரகரப்பு இல்லை. பால்குடிக் குழந்தையின் மூச்சு.

கத்தினால் அது ஓடிவிடும். ஓடிவிட்டால் சளி திரும்பி வரும். பிறகு கோடை.

சீ, என்ன பிழைப்பு இது! அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் புருஷன் வேண்டுமே. வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

அன்று நடக்கக் கிளம்பும்போது அவர் பக்கத்தில் வந்து சிரித்தார். அவர் வாயிலிருந்து அந்த இலை வாடை அடித்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. அதன்பிறகு எந்தக் காலையிலும் கேட்கவில்லை.

குளிர் முடியும் சமயத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. காட்டு நடுவே இருமல் வந்து, கோழை திரண்டு நாக்குக்கு வந்துவிட்டது. ஓரமாகக் குனிந்தாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்தவர் நின்றார்.

மெதுவாகத் திரும்பினார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார்.

"துப்பு" என்றார், கெஞ்சுவது போல.

அவர் நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவியது. மோவாய்வரை இறங்கித் தடவியது.

சுத்தக்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். கொழகொழவென்று, வெதுவெதுப்பாக அது தொண்டையில் இறங்கியது. திரும்ப மேலே வரப் பார்த்தது. அதையும் அடக்கிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது அவர் மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் நின்றிருந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"முழுங்கிட்டியா?" என்றார். "பரவால்ல. வாயைத் திற."