அன்புச்செல்வனின் இரண்டாவது குரல்

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே அன்புச்செல்வனுக்கு மூச்சு வாங்கியது. உதட்டை அசைக்காமல் பேசும் வித்தையைக் கள்ளக்குறிச்சிப் பக்கம் முதன்முதலில் மேடையேற்றியவர் அவர்தான். நாற்பது வருஷமாகக் கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று அலைந்தாயிற்று. மடியில் வைத்துப் பேசவைக்கும் பொம்மையைத் தூக்கக் கை ஒத்துழைக்காமல் போனபின், பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ பேசுவதுபோலக் குரல் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பகல் இரண்டு மணிக்கே, அவர் வித்தை காட்ட வந்த பள்ளிக்கூடத்தின்மேல் மலைப்பனி இறங்கிவிட்டிருந்தது. டீச்சர் நர்மதா காட்டிய பழைய சாமான் அறையில் ஈரச்சாக்கு நாற்றம். உள்ளே யாரும் இல்லை என்று அன்புச்செல்வன் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டிவிட்டுப் பூட்டினார்.

கதவைத் தட்டினார். "யாருப்பா உள்ள?"

பதில் குரலை அடிவயிற்றிலிருந்து எழுப்பப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"நான்தாங்க," என்றது அறை.

பிள்ளைகள் சிரித்தார்கள்.

அது அவர் கொடுத்த குரல் இல்லை. ஆனாலும் மேடைப் பழக்கம் விடவில்லை. "உள்ள இன்னா பண்ற?"

"நீ பேசறதத்தான் கேட்டுக்கினு இருக்கேன்." குரல் கதவோடு ஒட்டி, அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி தணிந்தது. "ரொம்பக் களைச்சுப் போயிட்ட. இனிமே நானே பேசட்டா?"

ஓடியிருக்கலாம். ஆனால் இனி ஒரு வார்த்தைக்குக்கூட வயிற்றை எக்க வேண்டாம் என்ற நினைப்பே அத்தனை சுகமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை.

"பேசிக்கோ," என்று முணுமுணுத்தார்.

அறை பேசியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கதவில் சாய்ந்தபடி சும்மா நின்றார். கைத்தட்டல் ஓய்ந்ததும் நர்மதா கும்பிட்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நாலு மணி பஸ்ஸில் ஏறினார்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் போன் அடித்தது.

"ஐயா, எங்க இருக்கீங்க?" நர்மதாவின் குரல் நடுங்கியது. "சாமான் ரூமுக்குள்ள நீங்க பேசறீங்க. வித்தைக் குரல் இல்லீங்க, உங்க சொந்தக் குரல். தெறந்து பாத்தா யாருமே இல்ல. ஐயா, ஏதாச்சும் பேசுங்க!"

அவர் வாயைத் திறந்தார்.

காற்றுதான் வந்தது.

கழுத்து நரம்பு புடைக்க மறுபடி முயன்றார். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. சத்தமில்லை.

அப்போது போனில், நர்மதாவுக்குப் பின்னாலிருந்து, அவருடைய குரல் நிதானமாகக் கேட்டது.

"போன வெச்சிடுங்க டீச்சர். அந்தாளு இனிமே பேசமாட்டாரு."