பட்டி பார்த்த சுவர்

கான்ட்ராக்டர் சொறியவில்லை. ஆனால் சொறியும் சத்தம் கேட்டது.

போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, இருட்டில் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரண்டும் சும்மாதான் இருந்தன. வருடக்கணக்காக இரவானால் அவர் கை அவர் பேச்சைக் கேட்டதில்லை. தூக்கத்திலேயே முழங்கைக்கும் முழங்காலுக்கும் ஓடிப்போய்ச் செதில் செதிலாக உதிர்க்கும்; காலையில் விரிப்பை உதறினால் மாவு சலித்த மாதிரி தரையில் விழும். அதனால் அந்தச் சத்தம் அவருக்கு அத்துப்படி. காய்ந்த தோலின் மேல் நகம் போய்த் திரும்பும் சத்தம், முதலில் மெதுவாக, பிறகு ஆசையாக, பிறகு கோபமாக. அதே சத்தம் இப்போது தலைமாட்டில் கேட்டது. தலைமாட்டில் சுவர்தான் இருந்தது.

எலியாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தார். எலியை அடிக்கக்கூட இந்தப் புண்ணியவான்கள் விடமாட்டார்கள்.

புண்ணியவான்கள் என்று அவர் சொன்னது அந்த இல்லத்தில் கூடி வாழ்ந்தவர்களை. ஊருக்கு வெளியே ஒரு பழைய நீளக் கட்டடம். தோல் வியாதிக்காரர்கள் வந்து தங்கி, மூலிகை வைத்தியம் செய்துகொண்டு, சேர்ந்தே சமைத்து, சேர்ந்தே தோட்டம் கொத்தி வாழும் இடம். பால், தயிர், தேன், பட்டு, தோல் எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. வந்த அன்றே அவருடைய பெல்ட்டையும் செருப்பையும் இரண்டு விரலால் தூக்கி ஒரு சாக்கில் போட்டார்கள். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஆரோக்கியத்தை நோக்கி நடந்தார்.

இல்லத்தைக் கவனித்துக்கொண்டது ஓர் ஒல்லிப் பையன். யாரைப் பிடித்தாலும் பேச்சை முந்திரிப்பாலின் மகிமைக்குக் கொண்டுபோய்விடுவான். அதனால் கான்ட்ராக்டர் மனதுக்குள் அவனுக்கு முந்திரிப்பால் என்றே பெயர் வைத்துவிட்டார். மாட்டைத் தொடமாட்டார்களாம், ஆனால் மாட்டின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்பார்களாம்! உப்பில்லாமல் வேகவைத்த கீரையை முன்னால் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே மாதிரி சிரிக்கும் அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சலாக வரும்.

ஆனாலும் வந்தார். மகளுக்காக வந்தார்.

ஒரே மகள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் முதல் ஆளாய் ஓடிப்போய்க் கையை நீட்டினார். நீட்டிய கையிலிருந்து ஒரு செதில் உதிர்ந்து குழந்தையின் போர்வையில் விழுந்தது. மகள் அதைப் பார்த்தாள். நீட்டிய குழந்தையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கப்பா. கொஞ்சம் சரியாகட்டுமே."

இது ஒட்டாத வியாதி என்று டாக்டர் சொன்னதை அவர் சொல்லிப் பார்த்தார். அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன? அன்று வெறுங்கையோடு படியிறங்கினார். தொழிலில் எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார், அதெல்லாம் அவருக்கு வலித்ததில்லை. இது வலித்தது.

வைத்தியம் ஒன்றும் பிரமாதமில்லை. காலையில் வாயைத் திருகும் ஒரு கஷாயம், இளவெயில், உடம்பெல்லாம் இலை எண்ணெய், புண்ணுக்குப் பச்சிலைப் பற்று. கடைசியில் ஒரு கூத்து: கையில் மிஞ்சிய எண்ணெயைத் தலைமாட்டுச் சுவரில் தடவவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில், ஒரு சுவர். கட்டிலை நகர்த்தக்கூடாது.

"உங்க சுவர நீங்கதான் பாத்துக்கணும்," என்றார் வைத்தியரம்மா. குரல் உயராத பெண்மணி. "குணமாகி வீட்டுக்குப் போனாலும் அப்பப்போ வந்து எண்ணெய் வெச்சிட்டுப் போங்க. வேற ஒண்ணும் வேண்டாம். மேல எதையும் பூசி அடைச்சு மட்டும் வெச்சிடாதீங்க."

"சுவர் இருந்தாத்தானே சார் சித்திரம்!" என்றான் முந்திரிப்பால்.

கான்ட்ராக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெயின்டிங் கான்ட்ராக்டரான அவருக்கே சுவர்ப் பாடமா? சுண்ணாம்புக்கும் மைதாவுக்கும் வித்தியாசம் தெரியாத பயல். மிஞ்சிய எண்ணெயை அவர் தினமும் துண்டில் துடைத்துப் போட்டார்.

குணமான சிலர் அவ்வப்போது வரத்தான் செய்தார்கள். ஒருநாள் காரில் ஓர் அம்மாள் வந்தாள். பளிங்கு மாதிரி கை. நேராகக் கடைசி அறைக்குப் போனாள். திறந்திருந்த கதவு வழியாகக் கான்ட்ராக்டர் பார்த்தார். அவள் கட்டிலில் மண்டியிட்டு உட்கார்ந்து, சுவரில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தபடியே, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுவது போல ஏதோ பேசினாள். பிறகு நகத்தால் லேசாகச் சொறிந்துவிட்டாள். அவர் இதைச் சாப்பாட்டு நேரத்தில் நடித்தே காட்டினார். எப்போதும் சிரிக்கும் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வைத்தியம் பலித்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. முழங்கை மிருதுவானது. இடுப்பில் பரவியிருந்த பெரிய படை சுருங்கி, வெளுத்து, ஒருநாள் காணாமலே போனது. சிகரெட்டை விட்டதால் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது அது தன் கைதானா என்று சந்தேகமாக இருந்தது. கொஞ்சம் அழுகைகூட வந்தது.

அதே நாட்களில்தான் தலைமாட்டுச் சுவர் பூக்க ஆரம்பித்தது. சுவர் உப்புப் பூப்பது அவர் பார்க்காததா? எங்கோ ஈரம் கசிகிறது, பூச்சு உப்புகிறது, வெள்ளையாய் உதிர்கிறது, அவ்வளவுதான். காலையில் தலையணையில் கிடந்த பொடியைத் தட்டிவிட்டு எழுந்தார். ஆனால் உப்புப் பூத்தால் தரையிலிருந்து மேலே ஏறும். இது அங்கங்கே, திட்டுத் திட்டாக வந்தது. விளிம்பு சிவந்து, நடுவில் வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காய்ச் செதில். ஒரு திட்டின் குறுக்கே மட்டும் சாய்வாக ஒரு கோடு, செதில் படராமல் வெறுமையாக இருந்தது.

அவர் வேட்டியை விலக்கித் தன் இடது முழங்காலைப் பார்த்தார். முன்பு ஏணியிலிருந்து விழுந்தபோது பட்ட வெட்டுத் தழும்பு, அதே சாய்வில். அந்தத் தழும்பில் மட்டும் படை ஏறியதே இல்லை. இப்போது முழங்காலில் படையே இல்லை, தழும்பு மட்டும்தான் மிச்சம்.

மனப்பிராந்தி, உப்பில்லாமல் தின்றால் புத்தி இப்படித்தான் போகும், என்றார் தனக்குத்தானே. குரல் அவருக்கே கொஞ்சம் கீச்சென்று கேட்டது.

அன்றுதான் மகள் போனில் பேசினாள். "போட்டோ பாத்தேன்பா, கை சூப்பரா இருக்கு! நாளைக்குப் பாப்பாவோட வர்றேன். நீங்களே தூக்கி வெச்சிக்கலாம்."

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். அருவருப்பாக இருந்தது. ஒரு செதிலுக்கே குழந்தையை இழுத்துக்கொண்டவள் இந்தச் சுவரைப் பார்த்தால் வாசலோடு திரும்பிவிடுவாள். நாளை என்பது இன்னொரு வருடம் ஆகிவிடும்.

விட முடியாது.

டவுனுக்குப் போய், சுவரை நிரவும் பட்டி, பிரைமர், நல்ல பிளாஸ்டிக் பெயின்ட் எல்லாம் வாங்கினார். பன்றி மயிர் பிரஷ் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்து வாசலைத் தாண்டியபோது, இத்தனை நாளில் முதல்முறையாக மனம் குளிர்ந்தது. எல்லோரும் தோட்டத்துக்குப் போகும் நேரம், வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்ட யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

கட்டிலை நகர்த்தினார். தகட்டால் சுரண்டத் தொடங்கினார். கை பழகிய வேலை, தகடு சுவரில் படும் சத்தம் அவருக்குத் தாலாட்டு மாதிரி. செதில்கள் கொட்டின. சுண்ணாம்பு வாசனை வரவேண்டிய இடத்தில் வியர்வை நாற்றமும் பழைய எண்ணெய் நாற்றமும் வந்தன, நோயில் கிடந்தவனின் தலையணை மாதிரி. சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் அந்தப் பக்கம் படுவதில்லை.

ஒரு பெரிய செதில் முழுசாக உரிந்து வந்தது. அதன் அடியில் பூச்சு இளஞ்சிவப்பாக, மழமழவென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு புள்ளி அரும்பியது. சிவப்பாக. பக்கத்தில் இன்னொன்று. ஊசியால் குத்தின மாதிரி வரிசையாக.

அவருக்குத் தெரியும். தன் முழங்காலில் செதிலை உரித்தால் இப்படித்தான் ரத்தம் பொடிக்கும்.

செங்கல். செங்கல் பொடி ஈரத்தில் ஊறியிருக்கும். வேறென்ன?

தகட்டை மறுபடி சுவரில் வைத்தார். சுவர் சிலிர்த்தது. இல்லை, கை நடுங்கியது. கைதான்.

பட்டியை அள்ளி அப்பினார். தேய்த்தார். பட்டி காய்வதற்குள் பிரைமர், பிரைமர் காய்வதற்குள் பெயின்ட். தன்னிடம் வேலை செய்பவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றே துரத்தியிருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் மறைந்தது. ஒரு சின்ன ஓட்டைகூட இல்லாமல் மறைந்தது. மேலே இன்னொரு கை பெயின்ட் கொடுத்தார்.

அன்று இரவு ஒரு சத்தமும் இல்லை. குழந்தை மாதிரி தூங்கினார்.

மறுநாள் மத்தியானம் மகள் வந்தாள். நல்ல வெளிச்சம். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் சுவர் பளபளத்தது.

"அட, உங்க ரூம்தான்பா இங்கேயே சுத்தம்!"

"பின்ன? யார் வேலை!"

"இவதான் ஒரே நச்சு. காலையில குளிப்பாட்டுறப்ப நல்லாத்தான் இருந்தா. வண்டியில நெளிஞ்சுக்கிட்டே வந்தா." சொல்லிக்கொண்டே துணிப்பொதியை அவர் கைகளில் வைத்தாள். சும்மா, சாதாரணமாக, ஒரு யோசனையும் இல்லாமல் வைத்தாள்.

கனமே இல்லை. பால் வாசனை. இந்த இல்லத்துக்குள் வந்த முதல் பால் வாசனை. தாத்தாடி, தாத்தா, என்றார் கான்ட்ராக்டர்.

வாசலில் வைத்தியரம்மா நின்றார். குழந்தையைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார். உள்ளே வந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"உங்களுக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா?"

"நான் ஒருத்திதாங்க," என்றாள் மகள் சிரித்தபடி. "இப்போ இவ."

வைத்தியரம்மா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பொறாமை, என்று நினைத்தார் கான்ட்ராக்டர். தன் சுவர் வித்தை செல்லாமல் போன வயிற்றெரிச்சல்.

குழந்தை நெளிந்தது. முதுகை அவர் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தது. மேலும் கீழும். அழவில்லை. தேய்த்தது. முதலில் மெதுவாக. பிறகு ஆசையாக.

துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

அந்தச் சத்தம்.

மகள் ஜன்னலோரம் போய் போனை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு விரலால் துணியை விலக்கினார். சட்டையை மேலே ஏற்றினார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத முதுகு. சிவந்த விளிம்பு. வெள்ளி நிறச் செதில். நடுவே சாய்வாக ஒரு கோடு, வெறுமையாக.

குழந்தையின் முகம் கோணியது. அழப்போனது. அவர் நகம் தானாகவே இறங்கியது.

கர்ர்க். கர்ர்க்.

முகம் தெளிந்தது. கண்கள் சொக்கின.

"அப்படியே இருங்கப்பா, போட்டோ எடுக்கிறேன். ஐயோ, உங்க கையில எவ்வளவு சமத்தா இருக்கா பாருங்க!"

அவர் விரலை நிறுத்தினார். குழந்தை அழ வாயைத் திறந்தது. மறுபடி தொடங்கினார். மூடிக்கொண்டது. மாசு மருவில்லாத அவர் கைகளின் மேல் வெள்ளையாய், பொடிப்பொடியாய் உதிர்ந்துகொண்டே இருந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் புதுசு போலப் பளபளத்தது.