கடைசிப் பக்கம் திறந்திருந்தது

"அப்பா...!"

மாடியில் கிளம்பிய அந்த அலறலில், தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

பேராசிரியர் மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். அருகில், புத்தகங்கள் சரியாமல் முட்டுக் கொடுக்கும் இரும்புத் துண்டு.

காலை மணி பதினொன்று.

பன்னிரண்டுக்கு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒன்றுக்கு உடலை எடுத்துப் போனார்கள். மூன்றுக்கு, அதே அறையில், பேராசிரியரின் மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் இன்ஸ்பெக்டர்.

"இரும்புல உன் கைரேகை மட்டும்தான் இருக்கு."

"தினமும் தூசி தட்டுறவ நான்தானே மேடம்! வேற யாரோடது இருக்கும்?"

"கொலைகாரனோடது?"

"கைக்குட்டையால புடிச்சிருந்தா...?"

"நல்லா யோசிக்கிறியே! நேத்து நீயும் அப்பாவும் போட்ட சண்டை பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கு."

"வீட்டுல நடக்க இடமில்ல, புத்தகத்தையெல்லாம் கல்லூரிக்குக் குடுத்துடுங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"நான் செத்தப்புறம் குடுன்னாரு..."

"ஆக, இப்ப குடுக்கலாம்." இன்ஸ்பெக்டர் எழுந்தார். "கிளம்பு. மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

மகள் எழவில்லை. அவள் கண் மேஜையில் இருந்தது.

காலை பத்து மணிக்கு அச்சகத்திலிருந்து வந்த கட்டு. பேராசிரியரின் புதிய புத்தகம். அரசும் மதமும் கைகோத்துக்கொண்ட வரலாறு, அறுநூற்று நாற்பது பக்கம். முதல் ஐந்து பிரதிகள். கையெழுத்துப் போட்டு வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, மருந்துக் கடைக்குப் போனாள் அவள்.

நான்கு பிரதிகள் அடுக்கியபடி இருந்தன. ஐந்தாவது திறந்து கிடந்தது... கடைசிப் பக்கத்தில்!

"மேடம்... இதை உங்க ஆளுங்க யாராவது திறந்தாங்களா?"

"நாங்க வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. ஏன்?"

"அது இன்டெக்ஸ். புத்தகத்துல யார் யார் பேரு, எந்தெந்தப் பக்கத்துல வருதுன்னு பட்டியல். அப்பா புத்தகத்துக்கெல்லாம் நான்தான் அதைப் போடுவேன். அவரு ஒரு நாளும் அதைத் திறந்ததில்ல."

"அப்ப யாரு திறந்தது?"

"தன் பேரு இருக்கான்னு தேடினவரு."

இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவர் முழுக்கப் புத்தகங்கள். அத்தனையும் ஒன்றையொன்று மறுத்து எழுதியவை.

"யாரு அப்படித் தேடுவாங்க?"

"கீழ ஹாலுல மூணு பேரு நிக்கிறாங்களே, துக்கம் விசாரிக்க வந்தவங்க... மூணு பேருமே அப்பாவைத் திட்டி எழுதியே பெரிய ஆளானவங்க. கூப்பிடுங்க மேடம். ஆளுக்கு ஒரு பிரதி குடுங்க. அது போதும்."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அரை மணி நேரம். அதுக்கப்புறம் நீ ஜீப்புல!"

மூவரும் வந்தார்கள். கல்லூரியில் அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாடத்தின் பெயர்தான்.

'வரலாறு' ஒல்லியாக, இருமிக்கொண்டு வந்தார். 'சமயம்' வெள்ளைப் புடவையும் எரிச்சலுமாக வந்தார். 'அரசியல்' கடைசியாக வந்தார். சகிப்புத்தன்மை பற்றி மூன்று பாகம் எழுதியவர்.

"நாற்காலி ரெண்டுதான் இருக்கு," என்றார் வரலாறு.

"நீங்க நில்லுங்க. உங்க ஆராய்ச்சிதான் உக்கார்ந்தே கிடக்கே... பத்து வருஷமா!" என்றார் சமயம்.

"செத்த வீட்டுல சண்டை வேண்டாமே," என்றார் அரசியல் மென்மையாக.

"இந்தப் புத்தகத்தை இதுக்கு முன்னாடி யாராவது பார்த்தீங்களா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இல்லை," என்றார் வரலாறு.

"எனக்கு அனுப்ப மாட்டாரு. கஞ்சன்," என்றார் சமயம்.

"இப்பதான் பார்க்கிறேன்," என்றார் அரசியல்.

ஆளுக்கு ஒன்று கொடுக்கப்பட்டது.

சர்ரக்...! வரலாறு புத்தகத்தைக் கவிழ்த்துப் பின்னாலிருந்து திறந்தார். விரல் பட்டியலில் ஓடியது. "ஏழு இடம்... ஏழே ஏழு இடமா?"

சமயமும் பின்னால்தான் போயிருந்தார். "எனக்குப் பன்னிரண்டு! எல்லாம் திட்டாத்தான் இருக்கும்... பரவாயில்ல."

அரசியல் மட்டும் அட்டையை நிதானமாகப் புரட்டி, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

மகள் அவரையே பார்த்தாள்.

"சார்... நீங்க பின்னாடி பார்க்கலையா?"

"எனக்கு அந்த அற்பத்தனம் கிடையாதும்மா."

"போன மாசம் நூலகத்துல, நின்ன இடத்துலயே நாலு புத்தகத்தைப் பின்னாடி திறந்து பார்த்தீங்க. நான் பக்கத்து மேஜையிலதான் இருந்தேன். இதை மட்டும் ஏன் பார்க்கல? காலையிலயே பார்த்தாச்சா சார்?"

"என்ன உளர்றே!"

"உங்க பேரு அதுல இல்ல. நான்தானே பட்டியல் போட்டேன்... ஒரு இடத்துல கூட இல்ல!"



அரசியலின் கண் முதல் பக்கத்தில் நின்றுவிட்டிருந்தது. முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். சமர்ப்பணப் பக்கம். மேலே அரசியலின் முழுப் பெயர், பெரிய எழுத்தில். அதன் கீழே...

'நாற்பது வருடம் என்னோடு சண்டை போட்டவனுக்கு. இந்தப் புத்தகம் முழுவதும் அவனுக்குச் சொன்ன பதில்தான். அதனால் உள்ளே தனியாக அவன் பெயரைச் சொல்லவில்லை.'

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இது... எனக்கே தெரியாது! அப்பா நேரா அச்சகத்துக்கு அனுப்பியிருக்காரு..."

அரசியல் நாற்காலியில் சரிந்தார்.

"நான் இதைப் பார்க்கலையே... பின்னாடி மட்டும்தானே பார்த்தேன்..."



"திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். ஆளே இல்லாத மாதிரி விட்டுட்டானேன்னு... அவன் சிரிச்சான். 'முதல்ல இருந்து படிடா, மடையா'ன்னான். சொல்லிட்டுத் திரும்பி நின்னான். அவமானப்படுத்துறான்னு நினைச்சு... அந்த இரும்பை..."

கைக்குட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஓரத்தில் காய்ந்த சிவப்பு.

விலங்கு மாட்டும்போது அவர் புத்தகத்தை விடவில்லை. "இதை மட்டும் எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் குழந்தை மாதிரி.

"விடுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "நாங்களும் குற்றப்பத்திரிகைன்னு ஒண்ணு எழுதப்போறோம். அதுல நீங்க இல்லாத பக்கமே இருக்காது!"