காட்சிமுடிச்சு

“கத்தி இறங்கறதுக்கு முன்னாடி கடைசியா எதைப் பார்த்தீங்க?”

அச்சப்பகிர்வு நிலையத்தில் டாக்டர் நளினா கேட்டது அது. கழுத்துக் கட்டோடு உட்கார்ந்திருந்த கோகிலவாணி, பக்கத்தில் நின்ற கணவன் தங்கவேலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “அவன் மூஞ்சியைத்தானுங்க” என்றாள்.

பொய். தன் வாடகைக் காரில் ஏறியவனை அவள் சரியாகப் பார்க்கவேயில்லை. சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபோது கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, வியர்வையில் கலைந்த பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கத்தி இறங்கியது அப்போதுதான். “நீ ரோட்டைப் பாக்கறதை விட கண்ணாடியில உன்னையே பாக்கறதுதான் சாஸ்தி” என்று வருஷக்கணக்காகக் கேலி பேசும் தங்கவேல் முன்னால் இதை எப்படிச் சொல்வது?

அச்சத்தை அழிக்க முடியாது, பங்கு போட்டுப் பிற மனங்களுக்கு மாற்றத்தான் முடியும் என்று டாக்டர் விளக்கினார். ஆனால் எந்த அச்சமும் ஒரு காட்சியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காட்சிமுடிச்சை அறுத்துவிட்டு மாற்றினால், வாங்கிக்கொள்பவர்களுக்கு இரண்டு நாள் படபடப்போடு சரியாகிவிடும். எந்தக் காட்சி என்பதை நோயாளிதான் சொல்லவேண்டும்.

போலீஸ் தந்த படத்தை வைத்து, குத்தியவனின் முகத்தையே காட்சிமுடிச்சாக எண்ணி அறுத்தார்கள்.

வாணியை விட்டுக்கொடுக்காதவர்கள் எல்லாரும் பங்கு வாங்க வந்தார்கள். தினமும் அவள் காரில் பள்ளிக்குப் போகும் எஸ்தர் டீச்சர், டயாலிசிஸுக்குப் போகும் ரங்கநாதன், கூட ஓட்டும் டிரைவர்கள். ஆளுக்கொரு துளி. தங்கவேல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “பாதியை எனக்குப் போடுங்க டாக்டர். இவ திட்டறதையே இருபது வருஷமாத் தாங்கறேன், இது எம்மாத்திரம்?”

அச்சப்பகிர்வி இயந்திரம் நின்றதும் வாணியின் மனசு கழுவிவிட்ட தரைபோல இருந்தது. தங்கவேல் கண் திறந்தான். அவளைப் பார்த்தான். நாற்காலியோடு பின்னால் சரிந்து விழுந்தான்.

காயம் ஆறி அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது கை நடுங்கவில்லை. செயலியில் எஸ்தர் டீச்சரின் அழைப்பு வந்தது. ஓட்டுநர் படத்தைக் கண்டதும் ரத்தானது. ரங்கநாதன் காரில் ஏறாமல் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, “தப்பா நெனச்சுக்காத கண்ணு, உன்னைப் பாத்தாலே கழுத்துல சில்லுங்குது” என்று அழுதார். முன்பின் தெரியாதவர்கள் மட்டும் சாவகாசமாக உட்கார்ந்து வந்து, ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு இறங்கினார்கள். அவளைக் கண்டு நடுங்காத பழைய பயணி ஒரே ஒருவன்தான். அவன் ஜாமீனில் இருந்தான்.

வீட்டில் தங்கவேல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான்.

மறுபடியும் நிலையத்துக்குப் போனார்கள். டாக்டர் அன்று பங்கு போட்டபோது எடுத்த பதிவை ஓட்டிப் பார்த்தார். “இதுல பயத்தோட முடிஞ்சிருக்கறது அவன் முகமில்லையே. சின்னக் கண்ணாடி. அதுல நீங்க. நெத்தியில விரல்.”

“எல்லாத்தையும் எனக்கே திருப்பிப் போட்டுடுங்க” என்றாள் வாணி.

“போடலாம். ஆனா குடுக்கறவர் உங்க முகத்தைப் பார்த்துட்டே இருக்கணும். நடுவுல கண்ணை எடுத்தா, மிச்சம் அவர்கிட்டயே இறுகிடும். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.”

“எவ்வளவு நேரமுங்க?”

“ஒரு பாட்டு கேக்கற நேரம்.”

எதிரெதிரே இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். ஏதாவது உதவுமா என்று வாணி பொட்டை அழித்துவிட்டு வந்திருந்தாள். தங்கவேல் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்தான்.

“பொட்டைத்தான் பாத்துட்டிருந்தியா, புள்ள?”

“ஆமாங்க.”

“சொல்லித் தொலைச்சிருந்தா சிரிச்சிருப்பேன். அவ்வளவுதானே?”

அச்சப்பகிர்வி முனகத் தொடங்கியது. அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வேட்டி நனைந்தது. ஆனாலும் பார்த்தான். வாணிக்குள் ஒரு சொட்டுப் பயம் திரும்பி இறங்கியது. அவன் போய்விடுவானோ என்று முதல்முறையாகப் பயந்தாள். அந்தப் பயம் வந்ததே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“இன்னும் கொஞ்சந்தான் மாமா” என்று சொல்லி, அவனுக்குத் தைரியம் வரட்டும் என்று சிரித்தாள்.

அவன் கண்ணுக்கு, கண்ணாடிக்குள்ளிருந்த முகம் சிரித்தது.

தங்கவேல் ஒயர்களைப் பிய்த்து எறிந்தான். கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்து, கதவைத் திறந்து போனான்.