ஈரத் தலை காய்வதற்குள்

எட்டிப் பிடித்தாள் மாலிவான். விரல் நுனியில் வழுக்கிக்கொண்டு போனது அந்தக் கால். காலால் நீரை ஒரு உதை உதைத்து இன்னொரு முறை எட்டினாள். கணுக்கால் சிக்கியது. விடவில்லை.

பதினாறு மீட்டர் ஆழம். யாரோ ஒருவன், வேறு படகின் ஆள், மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்கிறான். இந்த வேகத்தில் போனால் நுரையீரல் கிழிந்துவிடும்.

இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். காற்றுக்குழாய் அவன் வாயிலிருந்து கழன்று கிடந்தது. தன்னுடைய இரண்டாவது குழாயை அவன் வாயில் திணித்தாள். ஒரு மூச்சு... இரண்டு மூச்சு... அவன் தலையைப் பின்னால் சாய்த்து மூக்கால் ஊத வைத்தாள். முகக் கண்ணாடிக்குள் நிரம்பியிருந்த தண்ணீர் வடிந்தது.

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

முக்குளிப்புப் பயிற்சியாளராக, பயந்தவர்களின் கண்களை ஆறு வருடமாகப் பார்ப்பவள் அவள். இந்தக் கண்களில் இருந்தது பயம் இல்லை. வெட்கம்... யாரிடமோ மாட்டிக்கொண்டவனின் வெட்கம்.

மேலே மழை. கடல் முழுக்க ஊசி ஊசியாய் இறங்கிக்கொண்டிருந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? எந்த முக்குளிப்புக் கடைக்காரன் உங்களைத் தனியா விட்டது? பயிற்சி முடிச்ச அட்டை இருக்கா?"

அவள் உடையில் இருந்த ‘பயிற்சியாளர்’ என்ற எழுத்தை ஒரு நொடி பார்த்தான். "இல்ல டீச்சர்."

"அட்டையில்லாத ஆளை இறக்கிவிட்டவனை நான் கேக்கறேன் வாங்க!"

"வேணாம். அவங்க மேல தப்பில்ல."

"அடேயப்பா! சாகப் போன நேரத்துலயும் அடுத்தவனுக்கு வக்காலத்தா?"

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, கோ தாவ் தீவின் படகுத்துறைக்கு எதிரே இருந்த அவளுடைய பயிற்சிக் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். பெயர் பூரின். பாங்காக்கில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவன்.

"அடியிலேர்ந்து கத்துக்கொடுங்க டீச்சர்."

நான்கு நாள் பயிற்சி. இரண்டு சுவீடன்காரப் பெண்கள், ஒரு கொரிய மாணவன், இவன். மற்ற மூவரும் ஒரு பாடத்தை இரண்டு தடவை செய்து ‘சரி’ என்று விரலை வளைத்துக் காட்டினார்கள். பூரின் மட்டும், பக்கத்தில் இருப்பவருக்குக் காற்று கொடுக்கும் பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டான். இருபதாவது தடவை அவளே நீர்மட்டத்துக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"போதும் சாமி! நாள் முழுக்க எனக்குக் காத்து கொடுத்துக்கிட்டே இருக்கீங்க. நான் செத்தா போயிட்டேன்?"

அவன் முகம் வெளுத்தது. "அப்படிச் சொல்லாதீங்க" என்றான் மெதுவாக. அன்று அவன் சோற்றுக் கஞ்சியைத் தொடவே இல்லை. அவளும் தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். எதற்கு எனக்கு வலிக்கிறது... இவன் யார் எனக்கு?

மூன்றாம் நாள் அவளுக்காகக் காப்பி வாங்கி வைத்திருந்தான். பால் அதிகம், ஐஸ் கொஞ்சம், அவள் குடிக்கிற மாதிரியே. எப்போது கவனித்தான்? கேட்கவில்லை. கேட்டால் அவன் காது மடல் சிவக்கும்; அதைப் பார்த்தால் தன் முகமும் சிவந்துவிடும்.

நான்காம் நாள் காலை முதலாளி நிகோம் அவளைத் தனியே அழைத்தார்.

"மாலி, நாலு பேரும் நாளைக்கு ஆழப் படகுல ஏறணும். அடுத்த கட்டப் பயிற்சி, முப்பது மீட்டர். போன மாசமே நீ பாதிப் பேரைக் கோட்டை விட்ட. இந்தத் தடவையும் விட்டா, நீ படகை விட்டு இறங்கிக் கடை மேசையில உக்காந்துக்க."

"எல்லாரும் தயாரா இருக்க வேணாமா அண்ணே?"

"தயாரான்னு நீ ஏன் கேக்கற? காலையா மத்தியானமான்னு மட்டும் கேளு. கத்துக்கொடுத்தாங்கல்ல?"

கற்றுக்கொடுத்திருந்தார்கள். அட்டை வழங்கும் நிறுவனம் இதற்கென்றே இரண்டு நாள் வகுப்பு வைத்தது. கடைசி முக்குளிப்பு முடிந்து மாணவன் படகில் ஏறியதும், அவன் தலை காய்வதற்குள் பேசிவிட வேண்டும். கரையில் கால் வைத்தால் யோசிக்க ஆரம்பித்துவிடுவான். ‘சேர்கிறீர்களா’ என்று கேட்கக் கூடாது. அவனுடைய முக்குளிப்பு நோட்டில் கையெழுத்துப் போடும்போதே, அடுத்த வரியில் நாளைய தேதியைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும். எழுதிய வரியை அழிக்கச் சொல்ல யாருக்கும் மனசு வராது. கடைச் சுவரில் சுவரொட்டி: பதினெட்டு மீட்டர் வெறும் வாசல்தான், வீடு முப்பதில் இருக்கிறது. இன்னும் ஐந்தே முக்குளிப்பு, நீங்கள் ‘உயர்நிலை’.

மாலை, படகு திரும்பிக்கொண்டிருந்தது. சுவீடன் பெண்கள் காலை என்றார்கள். கொரியப் பையன் மத்தியானம் என்றான். மூன்று வரி பென்சிலில் எழுதினாள்.

நான்காவது நோட்டு. பூரினின் முடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாளைய தேதியை எழுதினாள். "காலையிலயா, மத்தியானமா?"

அவன் அந்த வரியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நீங்களுமா டீச்சர்?"

அவ்வளவுதான். சுரீர் என்றது அவளுக்கு. "பின்ன? நான் சொல்லிக்கொடுக்கறதோட சேர்த்து விக்கறவளும்தான். அது கேவலமா இருந்தா இறங்கிப் போங்க!"

படகு துறையைத் தொட்டதும் இறங்கிப் போய்விட்டான். நோட்டை எடுத்துக்கொள்ளாமலே.

மழை பிடித்துக்கொண்டது. மற்ற மூவரும் முத்திரைக்காகக் கொடுத்துவிட்டுப் போன நோட்டுகளோடு அவனுடையதையும் விரித்து வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தாள். இவன் முப்பது மீட்டருக்கு இறங்கலாமா? கூடாது. அது அவளுக்குத் தெரியும். மற்ற மூவரும்? அவர்களும் கூடாது. தெரிந்தேதான் எழுதினாள்... மேசைக்குப் பயந்து.

நான்கு வரிகளையும் அழித்தாள். நிகோமிடம் போய், "நாளைக்கு ஆழப் படகுக்கு என் ஆளுங்க யாரும் இல்லண்ணே. மேசையைத் துடைச்சு வைங்க" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் மழையில் இறங்கி நடந்தாள்.

படகுத்துறைக் கூரையடியில் பையோடு நின்றிருந்தான் பூரின். தீவிலிருந்து எதிர்க்கரைக்குப் போகும் கடைசிப் படகுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அழிச்சுட்டேன்" என்றாள் மூச்சு வாங்க. "எல்லார் வரியையும். உங்களுக்காக மட்டும் இல்ல. ஆனா... உங்களாலதான்."

அவன் பையைக் கீழே இறக்கி வைத்தான்.

"இன்னொன்னும் சொல்லிடறேன். நாளைக்கு நான் படகுல இல்ல. மேசையில, காப்பியில ஐஸ் கரையக் கரைய உக்காந்திருப்பேன். எதிர்ல நீங்க இருந்தா நல்லா இருக்கும்னு... தோணுது. விக்கறதுக்காகச் சொல்லல. மழையில தலை நனைஞ்சிருக்குன்னு தப்பா எடுத்துக்காதீங்க."

முதல் முறையாக அவன் உதட்டோரம் அசைந்தது. உடனே அணைந்தது. "மாலி..." ‘டீச்சர்’ போய்விட்டது. "தண்ணிக்குள்ள உங்க கண்ணைப் பார்த்த அன்னிக்கே எனக்குத் தோணிடுச்சு. அதனாலதான் ஓடறேன். நீங்க என்னைத் தெரிஞ்சுக்கல. அட்டை இல்லேன்னு பொய் சொன்னேன்."

பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஐந்து அட்டைகள். ஆரம்பநிலை, உயர்நிலை, ஆழம், கப்பல் சிதைவு... ஐந்தாவது, ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் மீட்பாளர் அட்டை. எல்லாவற்றிலும் ஒரே மாதம்.

"தலை காயறதுக்குள்ளயே ஒவ்வொண்ணா கையெழுத்துப் போட்டேன். என் தங்கச்சி கன்யாவும் கூட வந்தா. அவ ரெண்டோட நிறுத்திக்கிட்டா. ‘அதான் அண்ணன் நீ இருக்கியே’ன்னா."

மழைச் சத்தத்தில் அவன் குரல் கரைந்தது. அவள் ஒரு அடி நெருங்கி நின்றாள்.

"அவ உயிரோட மேல வரல. முப்பது மீட்டர்ல அவளுக்குக் காத்து தீர்ந்துபோச்சு. வழிகாட்டி பக்கத்துலயேதான் இருந்தார், மாலி. கைக்கெட்டற தூரம். அவரைத் தாண்டி என்கிட்ட நீந்தி வந்தா... மீட்பாளர் அட்டை என்கிட்டதானே இருந்துச்சு. குழாயை எப்படிக் கொடுக்கறதுன்னு எனக்குத் தெரியல."