சொன்னதை மட்டும் வைத்துக்கொள்

என்டரைத் தட்டியதும் அவளுக்கு முதலில் உறைத்தது, ஏசியின் இரைச்சல் நின்றுபோனதுதான். மாலை வெயில் கண்ணாடி வழியே மேசைகள்மேல் சாய்ந்து கிடந்தது. பின்வரிசையில் யாரோ பிரித்த பிஸ்கட்டின் வாசனை இன்னும் காற்றில் நின்றது. பிரித்தவர்களின் அரட்டையை மட்டும் காணோம். கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் எதிரே திரை எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கம்பெனி எழுதுவது லிஃப்ட் கதவுகளை இயக்கும் புரோகிராம். அதில் யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார்கள் என்பதெல்லாம் முதல் நாளிலிருந்து ரெப்போ என்கிற பொதுக் கிடங்கில் பதிவாகியிருக்கும். அதற்குள் ஒரு ஃபோல்டர் சோடாபுட்டியுடையது. தடித்த கண்ணாடி போட்ட சோதனைக்காரர். லிஃப்ட் வராமலே கதவு திறக்கிறது என்று வாராவாரம் எழுதி வைத்தவர்.

அரைமணி முன்னால் மேனேஜர் வந்து அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். அந்த ஃபோல்டர் இப்பவும் இருக்கக்கூடாது, எப்பவும் இருந்திருக்கக்கூடாது. புரியுதாம்மா?"

"அவர் எழுதினது நிஜந்தானே சார்?"

"நிஜத்தை ஃபிரேம் போட்டு அவர் வீட்ல மாட்டிக்கட்டும். நீ அழி."

நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த சோடாபுட்டி தலை நிமிரவில்லை. அவள் பாப்பா காய்ச்சலில் கிடந்த வாரம், அவளுடைய வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாதவர். அது நினைவில் இருக்கும்போதே அவள் கட்டளையை அடித்தாள். நடுவில் கணவன் போன் செய்தான்.

"கீழ நிக்கிறோம். உன் சீட்டைப் பாக்கணும்னு பாப்பா ஒரே அடம். லிஃப்ட்ல வந்துடட்டா?"

"வாங்க, முடிஞ்சிடும்."

இப்போது அந்தக் கட்டளையைத் திரும்பப் படித்தாள். பழைய பதிவுகளை அழிக்கும் அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. ஃபோல்டரின் பெயரை மட்டும் கொடுத்தால், அதை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிடும். அந்த ஃபோல்டரையே துடைக்க, தலைகீழாக்கும் சொல் ஒன்றைக் கூடவே எழுத வேண்டும்.

அவள் எழுதவில்லை.

திரும்பினாள். மேனேஜர் அறை இருந்த இடத்தில் வெறும் சுவர். பின்வரிசை இல்லை. பிஸ்கட் வாசனையும் இல்லை. ஒரே ஒரு கீபோர்டு மட்டும் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா" என்றார் சோடாபுட்டி.

"மத்தவங்க?"

"என் ஃபோல்டர்ல அவங்க பேரு இல்லையே. உங்க பேரு இருக்கு. போன வருஷம் ஒரு ரிப்போர்ட்டுக்குக் கீழ 'நானும் பார்த்தேன்'னு எழுதினீங்க. அந்த ஒரு வரியிலதான் நிக்கிறீங்க. உங்களுக்கு மிச்சம் அது மட்டுந்தான்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பழசைத் திருப்பி எடுத்துடலாம் சார். காப்பி இருக்கும்."

"இல்லம்மா. கதவைப் பூட்டுற புரோகிராமும் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது என் ரிப்போர்ட்தான். கதவு திறக்கும். லிஃப்ட் இருக்காது."

பாப்பா.

ஓடினாள். நடைபாதை நீண்டுகொண்டே போனது. முதுகுக்குப் பின்னால் கீபோர்டு நின்றது. கடைசிப் பதிவும் முடிந்துவிட்டது.

லிஃப்ட் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. கிரீஸ் நாற்றம். குளிர்ந்த காற்று. தலைக்கு மேலே எதுவோ கனமாக இறங்கத் தொடங்கும் இரைச்சல்.

எட்டிப் பார்த்தாள். ஆழத்தில், தரைத்தளத்தில், ஒரு கோடு வெளிச்சம் அகன்றது.

"அப்பா, கதவு திறந்திடுச்சு!"

சின்னக் கால் ஒன்று வெளிச்சத்தைத் தாண்டி இருட்டுக்குள் நீண்டது.

வராதே என்று கத்த வாயைத் திறந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"நானும் பார்த்தேன்."

மறுபடி கத்தினாள்.

"நானும் பார்த்தேன்."